எதிரிக்கு மனநலம் சரியில்லை என்றால் வழக்கு என்ன ஆகும், இழப்பீடு என்ன ஆகும்: மேல்முறையீடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு செஷன்ஸ் கோர்ட் வராந்தா. பெஞ்சின் இந்த ஓரத்தில் கொலை வழக்கு எதிரியின் அம்மா. மடியில் மஞ்சப்பை; அதற்குள் காலி மாத்திரை அட்டைகள், மடித்து மடித்துக் கிழிந்துபோன ஓ.பி. சீட்டுகள், ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி. அந்த ஓரத்தில் இறந்துபோனவரின் மனைவி. சீருடையோடு பக்கத்தில் ஒரு பிள்ளை. உள்ளே கூண்டில் நிற்கும் பையனிடம் நீதிபதி, “உன் மேல உள்ள குற்றச்சாட்டு புரியுதா?” என்று கேட்கிறார். “எங்கம்மா சாப்பிட்டாங்களா?” என்று அவன் திருப்பிக் கேட்கிறான். வழக்கு அடுத்த வாய்தாவுக்குப் போகிறது.

நான் அந்தப் பையனின் வக்கீல். (நீதிமன்றத் தமிழில் குற்றம்சாட்டப்பட்டவருக்கு ‘எதிரி’ என்றுதான் பெயர். இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன்.) வெளியே வந்ததும் அம்மா கேட்டது, “இவன் உள்ளயே கெடந்துடுவானா சார்?” அந்த மனைவி கோர்ட் ஊழியரிடம் கேட்டது, “கேஸ் முடிஞ்சாத்தான் ஏதாவது கிடைக்குமா?” இரண்டுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. முதல் கேள்விக்கான பதிலை நான் சொன்னேன். இரண்டாவது என்னுடைய வேலை இல்லை என்று பேசாமல் வந்துவிட்டேன். அந்தப் பேசாமைக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எதிரி விசாரணையை எதிர்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்பது ஒரு தடம். பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கிடைக்குமா என்பது வேறு தடம். முதலாவது நின்றுபோனால் இரண்டாவதும் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் நடைமுறையில் இரண்டு குடும்பங்களும் அப்படித்தான் நம்பி வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன.

எந்தச் சட்டம்?

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அன்றைக்கு நிலுவையில் இருந்த விசாரணைகளும் மேல்முறையீடுகளும் பழைய சட்டப்படியே நடக்கும் என்று புதிய சட்டத்தின் 531-வது பிரிவு சொல்கிறது. ஆகவே இரண்டு எண்களும் தெரிந்திருக்க வேண்டும். மனநலம் சம்பந்தப்பட்ட பிரிவுகள் பழையதில் 328 முதல் 339, புதியதில் 367 முதல் 378. இழப்பீடு பழையதில் 357, 357ஏ. புதியதில் 395, 396. சாரம் பெரிதாக மாறவில்லை. இனி புதிய எண்களையே சொல்கிறேன்.

படி 1: எந்த நாளைய மனநிலை என்று பிரியுங்கள்

பாதிக் குழப்பம் இங்கேதான். சம்பவம் நடந்த நேரத்தில் எதிரியின் மனநிலை என்ன என்பது ஒரு கேள்வி. அது பழைய இந்திய தண்டனைச் சட்டம் 84, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 22. அன்று தன்னிலை இழந்திருந்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிரி தரப்புடையது. ஆனால் அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். 1964-இல் தயாபாய் தக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொல்லிவிட்டது.

இன்றைக்குக் கூண்டில் நிற்கும்போது மனநிலை என்ன என்பது முற்றிலும் வேறு கேள்வி. அதுதான் 367, 368. சம்பவத்தன்று தெளிவாக இருந்தவர் சிறையில் நோயாளி ஆகலாம். சம்பவத்தன்று தன்னிலை இழந்திருந்தவர் மருந்து சாப்பிட்டு இன்று தெளிவாக நிற்கலாம். இரண்டாவது வகையில் வழக்கை நிறுத்த முடியாது, நடத்தியே ஆக வேண்டும். 372 அதைத்தான் சொல்கிறது.

மூன்றாவதாக ஒன்று உண்டு, இளம் வக்கீல்கள் அடிக்கடி கலந்துவிடுவது. எதிரிக்கு மனநலம் சரியாகவே இருக்கிறது. ஆனால் காது கேளாமல், பேச்சும் வராமல், சைகை மொழியும் கற்காமல் இருப்பதால் நடப்பதைப் புரியவைக்க வழியில்லை. இதற்குப் புதிய சட்டத்தின் 357-வது பிரிவு தனியாக இருக்கிறது. விசாரணை நடக்கும். தண்டனை என்று முடிந்தால் வழக்குக் கட்டு முழுவதும் அறிக்கையோடு உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

‘தகுதி’ என்றால் என்ன என்பதற்கு அமெரிக்காவில் 1960-இல் வந்த டஸ்கி தீர்ப்பு ஒரு வாய்பாடு தந்தது: தன் வக்கீலோடு ஓரளவு அறிவோடு கலந்து பேச முடிகிறதா, தன் மீதான நடவடிக்கை என்னவென்று புரிகிறதா. நம் சட்டம் அப்படி வாய்பாடு தரவில்லை. சித்த சுவாதீனம் இல்லாததால் ‘தன் தற்காப்பைச் செய்ய இயலாதவர்’ என்று மட்டுமே சொல்கிறது. அதாவது நோயின் பெயர் மட்டும் போதாது. ஸ்கிசோஃப்ரினியா என்று சீட்டில் எழுதியிருப்பவர் ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, யார் சாட்சி, எது பொய் என்று எனக்கே எடுத்துக் கொடுத்திருக்கிறார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-வது பிரிவும், மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் அற்றவர் என்று கொள்ளக்கூடாது, அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும் என்கிறது.

படி 2: மஞ்சப்பையை ஒழுங்குபடுத்துங்கள்

அந்த அம்மாவின் பையைத் தரையில் கொட்டித் தேதிவாரியாக அடுக்க எனக்கும் ஜூனியருக்கும் ஒரு மாலை முழுக்க ஆனது. மாத்திரை அட்டை தனியாகச் சாட்சி ஆகாது. ஆனால் ஓ.பி. சீட்டில் எழுதிய மருந்தும் அட்டையில் உள்ள மருந்தும் ஒன்றாக இருந்தால், ‘மருந்து தொடர்ந்து வாங்கியிருக்கிறார்கள்’ என்று மருத்துவர் சாட்சி சொல்லும்போது அது பேசும்.

நீங்கள் தேட வேண்டியவை: அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு, உள்நோயாளியாக இருந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, கைதானதும் சிறையில் சேர்க்கும்போது எழுதிய உடல்நலக் குறிப்பு, சிறை மருத்துவமனைப் பதிவேடு. கடைசி இரண்டும் குடும்பத்தின் கையில் இருக்காது. நீதிமன்றம் வழியாக வரவழைக்க மனுப் போட வேண்டும். அவைதான் எடை அதிகமானவை, ஏனென்றால் அவற்றை எழுதியவருக்கு இந்த வழக்கில் எந்த ஆதாயமும் இல்லை.

வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்பு ஏதோ ஒரு கிளினிக்கில் லெட்டர்ஹெட்டில் வாங்கிய ‘மனநலம் பாதிக்கப்பட்டவர்’ சான்றிதழை மட்டும் கொண்டுவராதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும், பார்த்த மாத்திரத்தில் நீதிபதியின் புருவம் உயர்ந்துவிடும்.

படி 3: மனுவும், நீதிமன்றம் செய்தாக வேண்டிய வேலையும்

மனுவை எதிரியின் வக்கீல்தான் போட வேண்டும் என்று இல்லை. அரசு வழக்கறிஞர் சொல்லலாம், சிறை மருத்துவர் எழுதலாம், யாருமே சொல்லாவிட்டாலும் நீதிபதிக்கே தோன்றினால் போதும். 368-இன் வாசகம் அழுத்தமானது: அப்படித் தோன்றினால், நீதிமன்றம் ‘முதலாவதாக’ அந்த மனநிலையையும் இயலாமையையும் விசாரித்தே ஆக வேண்டும். மருத்துவச் சாட்சியத்தைப் பார்த்து, ஒரு முடிவைப் பதிவு செய்ய வேண்டும். ‘பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார்’ என்று ஒரு வரியில் மனுவைத் தள்ளுவது விசாரணை ஆகாது. மேல்முறையீட்டில் அந்த ஒரு வரியே உங்களுக்கு ஆயுதம்.

நடைமுறை இப்படிப் போகும். நீதிமன்றம் எதிரியை மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ அனுப்பும். சென்னையில் என்றால் பெரும்பாலும் 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம்; மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலத் துறை. ஒரு நாள் பார்த்து எழுதும் அறிக்கையைவிடச் சில நாள் உள்நோயாளியாக வைத்துக் கவனித்து எழுதும் அறிக்கைக்கு மதிப்பு அதிகம். மனுவிலேயே அதைக் கேளுங்கள். கேள்வியையும் சரியாகக் கேட்க வேண்டும். ‘மனநோய் உள்ளதா’ என்று மட்டும் கேட்டால் ‘உள்ளது’ என்று மட்டும் பதில் வரும். குற்றச்சாட்டு புரிகிறதா, வக்கீலுக்கு விவரம் சொல்ல முடியுமா, சாட்சி சொல்வதைப் பின்தொடர முடியுமா, சிகிச்சைக்குப் பின் தேறுவாரா, எவ்வளவு காலம் ஆகும் என்று பிரித்துக் கேளுங்கள்.

அறிக்கை பிடிக்கவில்லையா? மருத்துவக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுத் தலைவரும், அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் மனநல ஆசிரியர் ஒருவரும் சேர்ந்தது அந்தக் குழு. பழைய சட்டத்தில் இந்த வசதி 2009 டிசம்பர் 31-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் நுழைந்தது.

பாதிக்கப்பட்டவர் தரப்பு இந்தக் கட்டத்தில் வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை. லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022 ஏப்ரலில் ஜாமீன் உத்தரவை ரத்து செய்தபோது, வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல இடம் உண்டு என்றது உச்ச நீதிமன்றம். நடிப்பு என்று சந்தேகம் இருந்தால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 105-ஐக் காட்டலாம். ஒரு தரப்பு மனநோய்க்கு ஆதாரம் காட்டி மறுதரப்பு அதை மறுத்தால், நீதிமன்றம் அதை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது அது.

இப்போது எல்லோரும் தாண்டிப் போகும் ஓர் இடம். எதிரி தகுதியற்றவர் என்று முடிவானதும் உடனே வழக்கைத் தள்ளிவைத்துவிடக் கூடாது. அரசுத் தரப்பு தந்த சாட்சியப் பதிவை நீதிமன்றம் பார்க்க வேண்டும், எதிரியைக் கேள்வி கேட்காமல் அவர் வக்கீலின் வாதத்தைக் கேட்க வேண்டும். முகாந்திரமே இல்லை என்று தெரிந்தால், தள்ளிவைப்பதற்குப் பதிலாக எதிரியை விடுவிக்க வேண்டும். இந்த வாதத்தை வைக்காத வக்கீல், வழக்கே இல்லாத ஒருவரைக் காலவரையின்றி மருத்துவமனையில் விட்டுவிட்டு வருகிறார். நானும் ஆரம்ப காலத்தில் ஒருமுறை அப்படி விட்டேன்.

முகாந்திரம் இருந்தால்? நோய் என்றால், சிகிச்சைக்குத் தேவையான காலம் வரை தள்ளிவைப்பு. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவர் என்றால் விசாரணையே நடத்தக்கூடாது. 369-இன்படி அவரை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். நோய் தேறக்கூடியது, குறைபாடு அப்படியல்ல என்ற வித்தியாசம் சட்டத்திலேயே இருக்கிறது.

படி 4: தள்ளிவைத்த பிறகு மறக்கப்படாமல் இருக்க

அசாமைச் சேர்ந்த மச்சாங் லாலுங் 1951-இல் கைதானார். கொடுங்காயம் விளைவித்ததாக வழக்கு. மனநலம் சரியில்லை என்று தேஜ்பூர் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-இலேயே தேறிவிட்டார் என்று மருத்துவமனை சொன்னது. விசாரணை நடக்கவில்லை. 2005-இல் தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகு, 1 ரூபாய் சொந்தப் பிணையில் வெளியே வந்தார். 54 வருஷம். அசாம் அரசு அவருக்கு 3 லட்சம் ரூபாயும் மாதம் 1,000 ரூபாயும் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 1982-இல் வீணா சேத்தி வழக்கிலும் இதே கதைதான். அன்றைய பீகாரின் ஹசாரிபாக் சிறையில் மனநோயாளிகள் என்று அடைத்தவர்கள் தேறிய பின்னும் பல பத்தாண்டுகள் உள்ளேயே கிடந்தார்கள்.

ஆகவே தள்ளிவைப்பு உத்தரவு வந்த அன்றே மூன்று வேலைகள். முதலாவது, 369-இன்படி பிணை மனு. ஜாமீனில் விடக்கூடாத குற்றமாக இருந்தாலும் இந்தப் பிரிவில் விடலாம். நிபந்தனை: உள்நோயாளி சிகிச்சை தேவைப்படக்கூடாது, உறவினரோ நண்பரோ வெளிநோயாளி சிகிச்சைக்குத் தவறாமல் கூட்டிப்போவதாகவும், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வதாகவும் உறுதிமொழி தர வேண்டும். எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை ஓ.பி., வீட்டில் யார் கூட இருப்பார் என்று உறுதிமொழியில் எழுதிக்கொடுத்தால் நீதிபதிக்கு நம்பிக்கை வரும். ‘நன்றாகப் பார்த்துக்கொள்வேன்’ என்ற ஒற்றை வாக்கியம் யாரையும் அசைக்காது.

இரண்டாவது, பிணை கிடைக்காவிட்டால், சிகிச்சை தரக்கூடிய இடத்தில்தான் வைக்க வேண்டும், சாதாரண சிறை அறையில் அல்ல என்று உத்தரவு கேளுங்கள். மருத்துவ அறிக்கை குறிப்பிட்ட இடைவெளியில் வர வேண்டும் என்றும் அதே உத்தரவில் எழுத வையுங்கள். மூன்றாவது, 479-ஐ நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ இல்லாத குற்றத்தில், அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் விசாரணைக் கைதியாக இருந்தவர் பிணையில் வெளியேறலாம். முதல்முறை என்றால் மூன்றில் ஒரு பங்கு. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது.

படி 5: வழக்கு நிற்கும்போதே இழப்பீடு கேளுங்கள்

அந்த வராந்தாவில் நான் வாயைத் திறக்காத விஷயம் இதுதான்.

395-வது பிரிவின் இழப்பீடு தண்டனையோடு பிணைக்கப்பட்டது. அபராதத்திலிருந்து எடுத்துத் தருவதானாலும், 395(3)-இன்படி தனியாகத் தருவதானாலும், ‘தண்டனை விதிக்கும்போது’ என்றுதான் ஆரம்பிக்கிறது. விசாரணை தள்ளிப்போனால் தண்டனை இல்லை, ஆகவே இதுவும் இல்லை. ‘கேஸ் முடிஞ்சாத்தான்’ என்று ஊர் நம்புவது இந்தப் பிரிவை வைத்து.

396 வேறு. பணம் தருவது எதிரி அல்ல, அரசு. தமிழ்நாட்டில் 2013-இல் வந்த பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. நீதிமன்றம் பரிந்துரைத்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு தொகையை முடிவு செய்யும். விசாரித்து முடிக்கச் சட்டம் தரும் அவகாசம் இரண்டு மாதம். விடுதலையிலோ விடுவிப்பிலோ வழக்கு முடிந்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்றால் பரிந்துரைக்கலாம் என்று 396(3) வெளிப்படையாகவே சொல்கிறது.

வழக்கு பாதியில் நின்றால்? 2014 நவம்பரில் வந்த சுரேஷ் எதிர் ஹரியானா மாநிலம் தீர்ப்பைக் கையில் எடுங்கள். குற்றம் நடந்ததற்கு ஆதாரம் இருக்கிறதா, பாதிக்கப்பட்டவர் யார் என்று தெரிகிறதா, அவருக்கு உடனடிப் பண உதவி தேவையா என்று வழக்கைக் கோப்பில் எடுக்கும்போதே நீதிமன்றம் பார்க்க வேண்டும், தேவை என்றால் இடைக்கால இழப்பீடு தர வேண்டும் என்கிறது அது. கொன்றவரின் மனநிலை இந்த மூன்று கேள்விகளில் எங்கேயும் வரவில்லை.

மனு எளிது. வழக்கு எண், சம்பவச் சுருக்கம், எதிரியின் மனநிலை காரணமாக விசாரணை இந்தத் தேதியில் தள்ளிவைக்கப்பட்டது என்ற ஒரு வரி, குடும்பத்தின் வருமான நிலை, பரிந்துரை வேண்டும் என்ற கோரிக்கை. கூடவே முதல் தகவல் அறிக்கை நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். வாரிசுச் சான்றுக்குத்தான் தாமதம் ஆகும், முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவி எண் அது.

பெண்கள் மீதான குற்றம் என்றால் தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் 2018 திட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள்: உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம், பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், அமில வீச்சில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தில் போக்சோ சிறப்பு நீதிமன்றமே இடைக்கால இழப்பீடு உத்தரவிடலாம். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமை வழக்கில் நிவாரணம் முதல் தகவல் அறிக்கைக் கட்டத்திலிருந்தே தவணையாக வர வேண்டும்.

படி 6: தீர்ப்பு நாளில் இரண்டு தரப்பும் கவனிக்க வேண்டியவை

சம்பவத்தன்று தன்னிலை இழந்திருந்தார் என்று விடுதலை வந்தால், அவர் அந்தச் செயலைச் செய்தாரா இல்லையா என்று தீர்ப்பு தனியாகச் சொல்ல வேண்டும். 373 கட்டாயமாக்குவது அது. செய்தார் என்று பதிவானால், பாதுகாப்பான இடத்தில் வைப்பதா, உறவினரிடம் ஒப்படைப்பதா என்பது 374. விடுதலை என்று கேட்டதும் குடும்பம் வேன் ஏற்பாடு செய்துகொண்டு வந்துவிடுகிறது. அன்றே வீட்டுக்குக் கூட்டிப்போக முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உறவினரிடம் ஒப்படைக்கும்படி ஒரு மனு தயாராக இருக்கட்டும்.

தண்டனை என்றால், அபராதத்திலிருந்து மட்டும் இழப்பீடு கேட்டு நிற்காதீர்கள். முதல்நிலை நீதித்துறை நடுவர் விதிக்கக்கூடிய அபராதமே 50,000 ரூபாய்தான். 395(3)-க்கு அந்த உச்சவரம்பு இல்லை. ஆனால் தண்டனையில் அபராதமும் சேர்ந்துவிட்டால் அந்த வழி அடைபடும். அதனால் தண்டனை பற்றிக் கேட்கும் நேரத்திலேயே அரசு வழக்கறிஞர் மூலம் சொல்லுங்கள். இழப்பீடு தருவதா வேண்டாமா என்று ஒவ்வொரு வழக்கிலும் யோசித்துக் காரணம் பதிவு செய்வது நீதிமன்றத்தின் கடமை என்று 2013-இல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் தீர்ப்பு சொல்லிவிட்டது. தீர்ப்பில் இழப்பீடு பற்றி ஒரு சொல்லும் இல்லை என்றால், அது உங்கள் மேல்முறையீட்டுக் காரணம்.

படி 7: எதிரி தரப்பு மேல்முறையீட்டில் மனநிலையைக் கிளப்புவது

மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு: செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். மரண தண்டனை என்றால் 30 நாள்.

மேல்முறையீட்டுக் கட்டு வந்ததும் தீர்ப்பைப் படிப்பதற்கு முன் நான் பார்ப்பது, 351-இன்கீழ் எதிரியிடம் கேட்ட கேள்விகளும் பதில்களும். பழைய ஆட்கள் இன்னும் ‘313 கேள்வி’ என்றுதான் சொல்வார்கள். ஐம்பது கேள்விக்கும் ‘தெரியாது’ என்று ஒரே பதில் என்றால் வக்கீல் சொல்லிக்கொடுத்ததாக இருக்கலாம். சம்பந்தமில்லாத பதில்கள் வரிசையாக இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். அடுத்து வாய்தாக் குறிப்புகள்: ‘எதிரி மருத்துவமனையில், ஆஜர்படுத்தவில்லை’ என்று எத்தனை முறை வருகிறது? அந்தத் தேதிகளில் சாட்சி விசாரணை நடந்திருக்கிறதா?

அப்புறம் 432. விசாரணை நீதிமன்றத்தில் வராத சிறை மருத்துவப் பதிவேட்டைக் கூடுதல் சாட்சியமாக ஏற்கும்படி மேல்முறையீட்டு நீதிமன்றத்தை இந்தப் பிரிவில் கேட்கலாம். தீர்ப்புக்குப் பிறகு உருவான சான்றைவிட, விசாரணை நடந்த மாதங்களில் எழுதிய பதிவே இங்கு உதவும். 368-இன்படி ‘முதலாவதாக’ செய்ய வேண்டிய விசாரணையைச் செய்யாமல் தண்டித்திருந்தால், தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பும்படி கேட்கலாம். மறுவிசாரணை உங்களுக்கு உண்மையிலேயே நல்லதா என்று யோசித்துவிட்டுக் கேளுங்கள். பாதித் தண்டனை கழிந்துவிட்ட ஒருவருக்கு, குறைந்த பிரிவுக்கு மாற்றிக் கழித்த காலமே போதும் என்று முடிப்பது மேலாக இருக்கலாம்.

தண்டனைக்குப் பிறகுதான் நோய் வந்தது என்றால்? மேல்முறையீட்டில் வாதம் வக்கீலுடையது, அதனால் நோய் மட்டுமே அதை நிறுத்திவிடாது. ஆனால் சிகிச்சை கேட்கலாம். சிறையில் உள்ள மனநோயாளிகளுக்கு மனநலப் பராமரிப்புச் சட்டம் 103 இருக்கிறது. மரண தண்டனை வழக்கில் இது உயிர் காக்கும் விஷயம். 2014-இல் சத்ருகன் சௌகான் தீர்ப்பு மனநோயைத் தண்டனைக் குறைப்புக்கான காரணமாக ஏற்றது. 2019 ஏப்ரலில், எதிரியின் பெயரை மறைத்து ‘எக்ஸ்’ என்றே குறிப்பிட்ட மகாராஷ்டிர வழக்கில், தண்டனைக்குப் பின் வந்த கடும் மனநோயும் மேல்முறையீட்டில் எண்ணிப் பார்க்க வேண்டியது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

படி 8: பாதிக்கப்பட்டவரின் மேல்முறையீடு

413-இன் நிபந்தனை வரி மூன்று காரணங்களுக்கு உங்களுக்கு உரிமை தருகிறது: விடுதலை, குறைந்த குற்றத்துக்குத் தண்டனை, போதாத இழப்பீடு. தண்டனைக் காலம் போதாது என்று நீங்கள் போட முடியாது. 2020-இல் பர்விந்தர் கன்சல் தீர்ப்பு அதை மூடிவிட்டது. விடுதலையை எதிர்த்துப் போட உயர் நீதிமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை என்பது 2018 அக்டோபரின் மல்லிகார்ஜுன் கோடகலி தீர்ப்பு. ‘பாதிக்கப்பட்டவர்’ என்பதில் சட்டப்படியான வாரிசும் அடக்கம். காலக்கெடு பற்றிய வாதத்துக்கு இடம் தராமல் 30 அல்லது 60 நாள் கணக்கிலேயே தாக்கல் செய்துவிடுங்கள்.

இனி எதிரி மேல்முறையீடு செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 395(2)-இன்படி, மேல்முறையீடு முடியும்வரை அபராதத்திலிருந்து எடுக்கும் தொகையைத் தரக்கூடாது. 2007-இல் திலீப் தஹனுக்கர் வழக்கில், தனியாக உத்தரவான இழப்பீட்டுக்கும் இது பொருந்தும் என்று வந்தது. ஆனால் தண்டனையை நிறுத்திவைக்கும்போது ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி நிபந்தனை போட நீதிமன்றத்தால் முடியும். ஆகவே தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கும் எதிரியின் 430 மனு விசாரணைக்கு வரும் அன்று உங்கள் வக்கீல் அங்கே நிற்க வேண்டும். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு மேல்முறையீடு முடியும்போதுதான். (செக் வழக்கில் குறைந்தது 20 சதவீதம் கட்டச் சொல்ல மாற்றுமுறை ஆவணச் சட்டம் 148 தனியாக இருக்கிறது. அது வேறு உலகம்.)

இந்த இரண்டு தடங்களும் மோதும் இடம் ஒன்று இருக்கிறது. கீழமை நீதிமன்றம் தண்டித்து 3 லட்சம் இழப்பீடு விதித்தது என்று வையுங்கள். மேல்முறையீட்டில், சம்பவத்தன்று தன்னிலை இழந்திருந்தார் என்று விடுதலை. தண்டனை போனதும் 395 இழப்பீடும் கூடவே போகும். கட்டிய பணம் எதிரி குடும்பத்துக்குத் திரும்பும். அந்த வாதம் நடக்கும்போதே, ‘ஒருவேளை விடுதலை செய்வதானால் 396(3)-இன்படி பரிந்துரைக்க வேண்டும்’ என்று மாற்றுக் கோரிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு ஓடினால் நீதிமன்றம் ‘வழக்கு முடிந்துவிட்டது’ என்று சொல்லக்கூடும். எதிரி தரப்பு வக்கீலாக நின்று சொல்கிறேன், இந்தக் கோரிக்கையை எதிர்க்க எங்களுக்கு ஒரு காரணமும் கிடையாது. பணம் எங்கள் கட்சிக்காரர் பையிலிருந்து போவதில்லை.

395(4)-இன்படி மேல்முறையீட்டு நீதிமன்றமும் சீராய்வு நீதிமன்றமும் தாமாகவே இழப்பீடு உத்தரவிடலாம். தொகையைக் கேட்கும்போது சும்மா ஒரு எண் எழுதாதீர்கள். இறந்தவரின் சம்பளம், சார்ந்திருப்பவர்களின் வயது, மருத்துவச் செலவு ரசீது, எதிரியின் சொத்து, வருமானம் என எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் வையுங்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2020-இல் கரண் வழக்கில் இதற்கென்றே படிவம் வகுத்தது. இங்கே கட்டாயமில்லை என்றாலும் மாதிரிக்கு நல்லது. எதிரி தரப்பு, ‘பணம் தருகிறோம், தண்டனையைக் குறையுங்கள்’ என்று வந்தால் நினைவில் வையுங்கள்: இழப்பீடு தண்டனைக்கு மாற்று அல்ல என்று 2024 மே மாதம் குஜராத்தின் உம்ராணியா வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

படி 9: உத்தரவை ரூபாயாக்குவது

உத்தரவு நகலைச் சட்டகம் போட்டு மாட்டிவைத்தவர்களை எனக்குத் தெரியும். பணம் தானாக வராது. எதிரி கட்டவில்லை என்றால் அபராதம் போலவே வசூலிக்க 461, 471 பிரிவுகள் இருக்கின்றன. சொத்தை ஜப்தி செய்யவும், மாவட்ட ஆட்சியர் மூலம் நிலவரிப் பாக்கி போல வசூலிக்கவும் மனுப் போடலாம். கட்டாவிட்டால் கூடுதல் சிறை என்றும் நீதிமன்றம் விதிக்கலாம். அந்தச் சிறையை அனுபவித்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று எதிரிகள் நினைப்பார்கள். தீராது, வசூலிக்கலாம் என்று 2017-இல் குமரன் எதிர் கேரள மாநிலம் வழக்கில் வந்தாயிற்று. பின்னால் உரிமையியல் வழக்குப் போட்டால், இங்கே வாங்கிய தொகையை அங்கே கழிப்பார்கள்.

சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலிருந்து வரும் பணம் நேரடியாக வங்கிக் கணக்குக்குப் போகும். மைனர் பிள்ளை பங்கு வைப்புத்தொகையாகக் கிடக்கும். பள்ளிக் கட்டணத்துக்கு முன்னதாக எடுக்கத் தனி மனு வேண்டும். பாஸ்புக்கில் பெயர் எழுத்து ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருந்ததற்காக, அந்த வராந்தாப் பெண்மணியின் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. அது எனக்குத் தெரிந்ததே, திருத்தம் எங்கே செய்வது என்று கேட்டுக்கொண்டு அவர் என்னிடமே வந்தபோதுதான்.